பாதிச் சுவரும் முழுச் சத்தமும்

உடையார்கட்டில் அடுக்குமாடிக் குடியிருப்பு கிடையாது. பரந்தன் - முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் நடுவே, குளத்தையும் வயலையும் நம்பி இருக்கிற ஊர் இது. ஆனாலும் இங்கேயும் வாடகைக் குடியிருப்பாளர்கள் இருக்கிறோம். வெளிமாவட்ட ஆசிரியர்கள், தாதியர், வங்கி ஊழியர்கள், வீதி வேலைக்கு வந்த ஆட்கள். மீள்குடியேற்றத்தில் கட்டின வீட்டை நடுவால் மறித்து இரண்டு பகுதிக்குக் கொடுப்பார்கள். நான் வடமராட்சியிலிருந்து இடமாற்றத்தில் வந்த விஞ்ஞான ஆசிரியை. அப்படியொரு வீட்டின் கிழக்குப் பாதியில் இருக்கிறேன். மேற்குப் பாதியில் ஒரு இளம் குடும்பமும் இடுப்பளவு உயரமான இரண்டு பொக்ஸும்.

அந்தத் தம்பிக்கு 'சவுண்ட்' வாடகைக்குக் கொடுக்கிற தொழில். பிறந்தநாள், சாமத்திய வீடு, கழகத்து விளையாட்டுப் போட்டி என்று அவனுடைய பொக்ஸ் ஊர் சுற்றும். நல்ல பிள்ளை. என் தண்ணீர் மோட்டர் பழுதானால் கேட்காமலே வந்து பார்ப்பான். அவனுக்கு வேலை இருக்கிற நாளில் எனக்குக் கரைச்சல் இல்லை. வேலை இல்லாத நாளில் அம்பிளிபையர் சரியா, வயர் சரியா என்று இரவு ஒன்பதரைக்குப் பார்க்கத் தொடங்குவான். சோதனை மெல்லக் கச்சேரியாகிவிடும். பதினொரு மணிக்கும் அலுமாரிக் கண்ணாடி அதிரும். திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளில் எந்த வரியில் விட்டேன் என்று தெரியாது.

இதில் வீட்டுக்கும் பங்கு உண்டு. போருக்குப் பிறகு இந்திய அரசு அறிவித்த 50,000 வீட்டுத் திட்டத்தில் வடக்குக் கிழக்கில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபாய் கொடுத்தார்கள். காசு கட்டங்கட்டமாக வரும். வீட்டுக்காரரே நின்று கட்டவேண்டும். அந்தக் காசில் அத்திவாரம், சுவர், கூரை வரைக்கும் வந்து சேர்ந்ததே பெரிய காரியம். சிலிங் அடிக்க எவருக்கு மிஞ்சியது? இந்த வீட்டின் நடுச்சுவரும் கூரையைத் தொடாமல் பாதியில் நிற்கிறது. மேலே தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கை விட்டு ஆட்டலாம். வாடகைக்குக் கொடுக்கவேண்டி வந்தபோது நடுச்சுவர்க் கதவை அடைத்தார்கள், மேல் வெளியை அடைக்கவில்லை. பேச்சுச் சத்தம் அந்த வழியால் வருகிறது. பேஸ் சத்தத்துக்கு வழியே தேவையில்லை. 50 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ ஏழு மீற்றர். ஆறங்குலச் சீமெந்துக் கல் அதற்கு ஒரு தடையே அல்ல. பிள்ளைகளுக்கு அலைகளைப் படிப்பிக்கும்போது என் வீட்டு உதாரணத்தையே சொல்லிவிடலாமா என்று யோசித்ததுண்டு.

வீட்டுக்காரர் பிரான்சில் இருக்கிறார். மாதம் பிறக்க அவருடைய மச்சான் வந்து இரண்டு பாதிக்கும் வாடகை வாங்கிக்கொண்டு போவார். அவரிடம் சொன்னேன். "சின்னப் பெடியன் ரீச்சர், கொஞ்சம் பொறுத்துப் போங்கோ" என்றார். அயலட்டையில் சொன்னேன். ஒரு அக்கா பாவப்பட்டார். இன்னொருவர், நான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, "வந்தான் வரத்தான் எல்லாம் எங்களுக்குச் சட்டம் சொல்ல வெளிக்கிட்டிட்டுது" என்றார். அந்தத் தம்பி மட்டும் இந்த ஊர்க்காரனா என்றால் அதுவும் இல்லை. தருமபுரத்துப் பக்கமிருந்து கலியாணம் செய்து வந்தவன். ஆனால் அவனுக்கு மனைவி வழியில் ஊர் உண்டு. எனக்கு இங்கே இருப்பது ஒரு வாடகைத் துண்டு மட்டுமே.

வாடகைக்கு இருப்பவருடைய சத்தப் பிரச்சினையைச் சத்தப் பிரச்சினையாக யாரும் எடுப்பதில்லை. சொந்த வீட்டுக்காரர் ஒருவர் சொன்னால் அது முறைப்பாடு. நாங்கள் சொன்னால் அது குணம் சரியில்லாமை. "பிடிக்காவிட்டால் வேறு வீடு பாருங்கோவன்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். உடையார்கட்டில் கிணறும் மலசலகூடமும் ஒழுங்காக உள்ள, பெண் ஒருத்தி தனியாக இருக்கக்கூடிய வேறு வீடு எங்கே இருக்கிறது என்று சொல்லுகிறவர்களைத்தான் காணவில்லை.

கொழும்பிலும் இதே கதைதான். வெள்ளவத்தையில் தொடர்மாடியில் வாடகைக்கு இருக்கும் என் சித்தி, மேல்வீட்டில் நடுச்சாமத்தில் தளபாடம் இழுக்கிறார்கள் என்று சொல்லப் போனார். "ஓனரைக் கதைக்கச் சொல்லுங்கோ" என்று திருப்பி அனுப்பினார்கள். 1973ஆம் ஆண்டின் தொடர்மாடி ஆதனச் சட்டத்தின்படி முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் என்பது வீட்டு உரிமையாளர்களுடைய சபை. சித்தியின் ஓனர் ரொறன்ரோவில். அவருக்கு அந்தச் சத்தம் கேட்காது.

சட்டத்தைத் தேடிப் பார்த்தால் உடையார்கட்டுக்காரருக்குச் சிரிப்பு வரும். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996 மே மாதம் வர்த்தமானியில் வந்த இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளில் பிரதேச சபை எல்லைகள் குறைந்த இரைச்சல் பகுதிகள். மாநகர, நகர சபை எல்லைகள் நடுத்தர இரைச்சல் பகுதிகள். எங்களுக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. நகரத்தாருக்கு 63, 50. அந்த விதிகளில் இரவு மாலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுகிறது. இரண்டு பேர் சாதாரணமாகக் கதைப்பதே 60 டெசிபலுக்குக் கிட்ட வரும். அப்படியென்றால் கடதாசியில் புதுக்குடியிருப்புப் பிரதேச சபைக்குள் வாழும் எங்களுக்குக் கொழும்பு மாநகரத்தாரைவிட அதிக அமைதிக்கு உரிமை இருக்கிறது. அளக்கும் கருவியோடு யாரும் விசுவமடுவைத் தாண்டி வந்ததை நான் காணவில்லை.

அதைவிடப் பயனுள்ளது 2007 நவம்பர் 9ஆம் திகதி உயர் நீதிமன்றம் கொடுத்த கட்டளை. வெலிகமப் பக்கத்துப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி அனுமதி பற்றிய வழக்கு அது. பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம் அதை ஒரு சமயத்தின் பிரச்சினையாக விடாமல் முழு நாட்டுக்குமான விதியாக்கியது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி கொடுக்கக்கூடாது. விசேட நிகழ்ச்சிக்கு விலக்குக் கொடுப்பதானால், முதலில் சுற்றுவட்டத்தில் குடியிருப்பவர்களின் கருத்தைக் கேட்டுப் பதிவு செய்யவேண்டும். குடியிருப்பவர்களைத்தான் கேட்கச் சொன்னார்கள். உறுதி யார் பெயரில் இருக்கிறது, காணி அனுமதிப்பத்திரம் யாரிடம் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லவில்லை. நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றத்துக்குக் காதுதான் கணக்கு. எங்கள் ஒழுங்கையில் இன்னும் காணிதான் கணக்கு.

ஆனால் அந்தக் கட்டளை வெளியில் கட்டுகிற ஒலிபெருக்கிக்கு. அறைக்குள் இருக்கும் பொக்ஸை அப்படியே பிடிக்காது. பொதுத்தொல்லை என்று நீதவானிடம் போகலாம்தான்; அரிசி ஆலைக்கும் மரம் அரியும் ஆலைக்கும் எதிராக அப்படிப் போயிருக்கிறார்கள். அதற்குப் 'பொது' வேண்டும். என் ஒரு தலையிடி பொது ஆகாது. தனித்தொல்லை என்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் தீர்ப்பு வருவதற்குள் எனக்கு ஓய்வூதியம் வந்துவிடும். இருப்பவற்றுள் பொருத்தமானது மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் சட்டத்தில் வந்தது. சட்டத்தரணி இல்லை, ஊர்ப் பெரியவர்களே உட்காருவார்கள். அயல்வீட்டுச் சண்டைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் உட்காருகிறவர்கள் வாடகைக்காரியைப் பார்த்தவுடன் "எத்தினை வருசத்துக்கு இருக்கப் போறீங்கள்?" என்று தொடங்காமல் இருக்கவேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களைக் கேட்டால் இதில் மறுபக்கத்தையும் சொல்வார்கள். ஜேர்மனியில் என் மச்சாள் வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் மிக்சி போட்டால் கீழ்வீட்டுக் கிழவி மறுநாள் கடதாசி ஒட்டிவிடுவாள். அங்கே எங்கள் ஆட்கள்தான் சத்தக்காரர். தேங்காய்ப் பால், பிறந்தநாள், மிருதங்க வகுப்பு எல்லாம் குற்றப்பத்திரிகையில் இருக்கும். ஜேர்மன் குடியியல் சட்டக்கோவையின் 536ஆம் பிரிவுப்படி, வீட்டில் நிம்மதியாக இருக்கமுடியாத குறை இருந்தால் வாடகைக்காரர் வாடகையைக் குறைத்துக் கொடுக்கலாம். தாங்கமுடியாத அயல்வீட்டுச் சத்தமும் அந்தக் குறைக்குள் வரக்கூடும். அதனால் அங்கே கிழவி மச்சாளோடு மல்லுக்கட்ட வருவதில்லை. எந்த நாள், எத்தனை மணி, என்ன சத்தம் என்று குறித்து வீட்டுக்காரருக்கு அனுப்புவாள். காசு குறையும் என்றவுடன் வீட்டுக்காரருக்குக் காது திறந்துவிடும். மச்சாள் அந்தக் கிழவியைத் திட்டாத நாள் இல்லை. எனக்கோ இப்போது கிழவியின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

இலங்கையில் 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் மாநகர, நகர சபைப் பகுதிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. உடையார்கட்டுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. இங்கே எல்லாம் வாய்ப்பேச்சுத்தான். கூடிப்போனால் முத்திரையில் கையெழுத்து வைத்த ஒரு தாள். முற்பணம், மின்சாரக் கட்டணம், ஆணி அடிக்கக்கூடாது, நாய் வளர்க்கக்கூடாது எல்லாம் அதில் இருக்கும். நித்திரை பற்றி ஒரு சொல் இராது.

இனி, எனக்கு எதிரான வாதத்தில் வலுவானதைச் சொல்லவேண்டும். இந்த மண் பல ஆண்டு பாட்டுக் கேட்காத மண். தொண்ணூறுகளில் வன்னிக்கு மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட சனம். 2009 ஜனவரியில் அரசு முதலாவதாக அறிவித்த 'பாதுகாப்பு வலயம்' உடையார்கட்டைத் தொட்டுத்தான் வரையப்பட்டது. அதை நம்பி வந்து குவிந்த சனத்தின் நடுவேதான் செல் விழுந்தது. மேற்குப் பாதித் தம்பி அப்போது பள்ளிக்கூடப் பெடியன். மெனிக் பாம் அகதி முகாமின் கூடாரத்தில் வளர்ந்தவன். ஒருநாள் நேரே கேட்டபோது, "சத்தம் இல்லாட்டி எனக்கு நித்திரை வராது ரீச்சர்" என்றான். பகிடியாகச் சொல்லவில்லை. மீள்குடியேறிய புதிதில், முதல் வெளிச்சம் வந்த காலத்தில், ஒரு கோயில் திருவிழாவில் விடிய விடியப் பாட்டுப் போட்டபோது ஊரே விழித்திருந்து கேட்டதாம். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அதே காலம் இதே ஒழுங்கையில் இன்னொருவருக்கு வேறுமாதிரி. பின்வளவில் இருக்கும் அம்மா, பொக்ஸில் பேஸ் குத்தத் தொடங்கினால் விறாந்தையை விட்டு உள்ளே போய்ச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிடுவார். அவர் முறைப்பாடு செய்யமாட்டார். "பிள்ளையள் சந்தோசமா இருக்கட்டும்" என்பார். பட்ட துன்பத்தைச் சொல்லி ஒருவர் சத்தம் போடலாம் என்றால், அதே துன்பத்தைப் பட்ட இன்னொருவர் அமைதி கேட்கலாம். அந்த அம்மாவுக்குச் சொந்தக் காணி இருந்தும் வாய் திறக்கவில்லை. அப்படியிருக்க, நான் திறந்ததற்கு ஊர் ஏன் இவ்வளவு கோபப்பட வேண்டும்?

2025 மே மாதத் தேர்தலில் வந்த பிரதேச சபை உறுப்பினர்கள் வீதி விளக்கையும் குப்பையையும் பற்றிக் கதைக்கிறார்கள், கதைக்கவேண்டியதுதான். வீட்டை இரண்டாக மறித்து வாடகைக்குக் கொடுக்கிறவர் நடுச்சுவரைக் கூரை வரைக்கும் எழுப்பவேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போடட்டும். சில வரி கல், ஒரு மேசனுக்குச் சில நாள் வேலை. பேஸை அது நிறுத்தாது. பேச்சையும் பாட்டையும் பாதியாக்கும். அதைவிட முக்கியம், இரண்டு பாதியிலும் காசு வாங்குகிறவர் பிரான்சில் இருந்தாலும் சரி, பக்கத்து ஒழுங்கையில் இருந்தாலும் சரி, இரண்டு பாதிக்கும் பொறுப்பு. "நீங்களே கதைச்சுத் தீர்த்துக்கொள்ளுங்கோ" என்று ஒதுங்க அவருக்கு உரிமை இல்லை. ஒரு பெண் தனியாகப் போய் இரவு பத்தரைக்குப் பக்கத்துக் கதவைத் தட்டுவது, சொல்லுகிற அளவுக்குச் சுலபமும் அல்ல.

இந்த வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வீட்டுக்காரரின் மச்சான் வந்தபோது, இரவு பத்து முதல் காலை ஆறு வரை இரண்டு பாதியிலும் சத்தம் போடக்கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். "உப்பிடி ஒருத்தரும் எழுதிறேல்லை" என்றார். எழுதாவிட்டால் முற்பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றதும் பேனை எடுத்தார். மேற்குப் பாதித் தாளிலும் அதே வரியை எழுதி, தம்பியைக் கூப்பிட்டார். அவன் நின்று இரண்டு தரம் வாசித்தான். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப ரீச்சர் விடிய அஞ்சு மணிக்குச் சம்பலுக்குப் போடுற மிக்சி?" என்றான்.

ஆறு மணி என்றால் ஆறு மணிதான். இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். இப்போது சம்பலை இரவே அரைத்து வைக்கிறேன்; அவன் பத்து மணிக்கு இரண்டு நிமிடம் முன்பின்னாகப் பொக்ஸை நிறுத்துகிறான். நடுச்சுவரை உயர்த்துவது பற்றிப் பிரான்சிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.