"போனைத் தூக்கி ஓரமா வை" கோஷ்டிக்கு ஒரு பதில்

'தகவல் வெள்ளத்தில் மூழ்காமல் இருக்கப் பத்து வழிகள்' வகைக் கட்டுரைகளை நீங்களும் படித்திருப்பீர்கள். காலையில் எழுந்ததும் போனைத் தொடாதே. நோட்டிஃபிகேஷனை அணைத்து வை. ஞாயிற்றுக்கிழமை போன் விரதம் இரு. கவனித்துப் பாருங்கள் மக்களே, பத்துமே வாங்கிக் கட்டிக்கொள்கிறவனுக்குச் சொல்லும் அறிவுரை. அனுப்புகிறவனைப் பார்த்து "ஏன்யா இத்தனை அனுப்புற?" என்று ஒருத்தரும் கேட்பதில்லை. எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்.

அந்த 'வெள்ளம்' என்கிற சொல்லே முதலில் ஏமாற்று வேலை. வெள்ளம் என்று சொல்லிவிட்டால் அது ஏதோ இயற்கை, யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடுகிறது. 2015-க்குப் பிறகு சென்னைக்காரர்கள் நிஜ வெள்ளத்தையே அப்படி விடுவதில்லை. செம்பரம்பாக்கத்தில் யார், எப்போது, எவ்வளவு திறந்துவிட்டார்கள் என்று கேட்டோமா இல்லையா? அதே கேள்வியை இங்கேயும் கேட்கலாம்.

தகவல் அதிகமாக இருப்பதுதான் பிரச்சினை என்றால், எழும்பூர் கன்னிமரா நூலகத்துக்குள் போகிற எல்லோரும் மயக்கம் போட்டு விழ வேண்டும். 1896-ல் திறந்த நூலகம். இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்தின் ஒரு பிரதியும் அங்கே வந்து சேர வேண்டும் என்பது 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த ஏற்பாடு. அவ்வளவு புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறோம், தலை வலிப்பதில்லை. ஏனென்றால் அலமாரியில் இருக்கும் எந்தப் புத்தகமும் நம் தோளைத் தட்டி "டேய், என்னைப் பாரு" என்பதில்லை.

அது தானாக அமைந்ததும் இல்லை. நம்ம சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். நான்காவது விதி வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. யாருக்குச் சொல்கிறது என்பதைப் பாருங்கள். வாசகருக்கு இல்லை, நூலகத்துக்கு. புத்தகம் தேடிக் களைத்துப் போனவனைப் பார்த்து "உனக்கு மனக்கட்டுப்பாடு போதாதுப்பா" என்று அவர் சொல்லவில்லை. அடுக்கி வைக்கிற பொறுப்பை அடுக்கி வைக்கிறவர் தலையில் வைத்தார்.

இப்போது நம்ம வகுப்பு வாட்ஸப் குரூப்புக்கு வருவோம். (எந்தக் கல்லூரி, எந்தத் துறை என்று கேட்காதீர்கள். உங்கள் கல்லூரியிலும் இதே கதைதான் என்று தெரியும்.)

தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி. ராத்திரி பத்து மணிக்கு ஒரு சுற்றறிக்கையை, அதுவும் சாய்வாகப் போட்டோ எடுத்து, குரூப்பில் போடுகிறார்கள். அதன் கீழே வரிசையாக 'நன்றி சார்', 'ஓகே சார்', கும்பிடு பொம்மைகள். பிறகு ஒருத்தருக்குப் பிறந்தநாள், கேக் படங்கள், வாழ்த்துகள். காலையில் ரோஜாப்பூவோடு குட்மார்னிங். என் நண்பன் ஒருவன் வீட்டில் இருப்பது ஒரே போன். அதை அண்ணன் டெலிவரி வேலைக்கு எடுத்துப் போய் ராத்திரிதான் திரும்பக் கொண்டு வருவார். இவன் கைக்குப் போன் வரும்போது அந்தப் போட்டோ இருநூறு செய்திகளுக்கு மேலே போய்விட்டது. அபராதத்தோடு கட்டினான். அந்த அபராதம் அவனுக்கு ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு. அலுவலகத்தில் போய்க் கேட்டதற்குக் கிடைத்த பதில் இரண்டே சொல்: "குரூப்ல போட்டாச்சே!"

இந்தப் 'போட்டாச்சு'தான் விஷயமே. முன்பெல்லாம் சுற்றறிக்கை என்றால் அட்டெண்டர் ஒருவர் வகுப்பு வகுப்பாக நடந்து வருவார், ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு வாசிப்பார், கையெழுத்துப் போடுவார். நடக்க ஒரு ஆள் வேண்டும் என்பதாலேயே தேவையானது மட்டும் வந்தது. இப்போது அனுப்புகிறவருக்குச் செலவு ஒரு தட்டு. தேடுகிற வேலை அறுபது பேருக்கு. ஹெர்பர்ட் சைமன் 1971-லேயே இதைச் சொல்லிவிட்டார்: தகவல் பெருகினால் கவனம் வறண்டுபோகும், அதனால் உள்ளே வாங்குவதைவிடக் குறைவாக வெளியே பேசுகிற அமைப்புதான் நமக்கு உதவும் என்று. நம்முடைய அமைப்புகள் எல்லாம் நேர் எதிர். வாயை மட்டும் வைத்துக்கொண்டு பிறந்தவை.

"அதெல்லாம் சரி, மனுஷன் திருந்தாம எதுவும் மாறாது" என்று ஒரு பின்னூட்டம் வரும், தெரியும். அவருக்காக ஒரு கணக்கு. 2018-ல் இந்தியாவில் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற ஃபார்வர்டை நம்பி அப்பாவிகளை அடித்தே கொன்றார்கள். அதன் பிறகு இங்கே ஒரு செய்தியை ஒரு தடவைக்கு ஐந்து இடங்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸப் மாற்றியது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை சுற்றி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒரே ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கினார்கள். அப்படிப்பட்ட ஃபார்வர்டுகள் 70 சதவீதம் குறைந்துவிட்டதாக அந்த நிறுவனமே பிறகு சொன்னது. அந்தச் சில நாளில் நம் பெரியப்பாக்களும் சித்திகளும் ஞானம் அடைந்துவிட்டார்களா என்ன? அனுப்புகிற கைக்குக் கொஞ்சம் வேலை வைத்தார்கள், அவ்வளவுதான். (அதே கம்பெனி 2022-ல் ஒரு குரூப்பில் 1024 பேர் வரை சேர்க்கலாம் என்றும் ஆக்கியது. ஒரு கையில் கடிவாளம், இன்னொரு கையில் சாட்டை.)

"மியூட் பண்ணிக்கோயேன்" என்பது அடுத்த அறிவுரை. தாராளமாகப் பண்ணலாம், கட்டணத் தேதியும் ஹால் டிக்கெட்டும் உதவித்தொகை அறிவிப்பும் அதே குரூப்பில் பிறந்தநாள் கேக்குக்கு நடுவில் வராமல் இருந்தால். மியூட் செய்துவிட்டு நிம்மதியாக இருக்க முடிகிறவன், தவறவிட்டால் அப்பாவிடம் அபராதத்துக்குக் காசு கேட்க முடிகிறவன்தான். போன் விரதம் என்பது வசதி உள்ளவர்களின் விரதம்.

அட்மின் மட்டுமே எழுதக்கூடிய குரூப் 2018-லிருந்தே இருக்கிறது. அறிவிப்புக்கு என்று அப்படி ஒன்று தனியாக வையுங்கள். போட்டோ வேண்டாம், தேதியை முதல் வரியில் எழுத்தாகவே தட்டுங்கள். ஒரு வாரம் முன்பே போடுங்கள். அந்தப் பழைய கண்ணாடிப் பலகையிலும் ஒரு தாளை ஒட்டுங்கள், பூட்டுச் சாவி இன்னும் அலுவலக மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. இதை ஒரு கடிதமாக எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை துறைத்தலைவரிடம் கொடுக்கப் போகிறோம். கையெழுத்துப் போட விருப்பமுள்ள வகுப்புத் தோழர்கள் மதியம் கேண்டீன் பக்கம் வாருங்கள். குரூப்பில் போட மாட்டேன் :-)