ஒரு குரல், இரு குரல், பல குரல்



போன வருஷம் என் பிள்ளைக்கு அவன் ஆசைப்பட்ட படிப்பில் இடம் கிடைக்கவில்லை. ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படுத்துவிட்டான். போட்ட சாதம் தட்டிலேயே காய்ந்து கிடக்கும். "எப்பப் பாரு என்னடா பாட்டு?" என்று நானும் சிடுசிடுத்தேன். பதிலே இல்லை. அப்புறம்தான் பயம் வந்தது. ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எனக்கும் போட்டுக் காட்டேன்" என்றேன்.

'போன் ஈவேர்' குழுவின் 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ' என்ற ஆல்பத்தைப் போட்டான். ஜஸ்டின் வெர்னன் என்ற அமெரிக்க இளைஞர் தனியாக உருவாக்கியதாம். காதல் முறிந்து, பாடிவந்த குழுவும் பிரிந்து, உடம்பும் கெட்டு, 2006 குளிர்காலத்தில் விஸ்கான்சின் மாநிலக் காட்டிலிருந்த அப்பாவின் மரவீட்டுக்குப் போய்விட்டார். அங்கே தன் குரலையே பலமுறை பதிவு செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பத்துப் பேர் பாடுவது போலிருக்கிறது; எல்லாம் அவர் ஒருவரே! 2007-ல் தாமே வெளியிட்டார். எனக்குப் பாதி வார்த்தை புரியவில்லை. துக்கம் மட்டும் நன்றாகப் புரிந்தது.

"இதையே கேட்டா மனசு இன்னும் கனக்காதாடா?"

"இல்லேம்மா. கூட ஒருத்தர் இருக்கிற மாதிரி இருக்கு."

பிறகு சியாட்டில் நகரத்து 'ஃப்ளீட் ஃபாக்ஸஸ்' குழு 2008-ல் வெளியிட்ட முதல் ஆல்பத்தைப் போட்டான். ராபின் பெக்னோல்ட் பாட, மற்றவர்கள் குரல் சேர்க்க, ஜன்னலைத் திறந்துவிட்டாற்போல் இருந்தது. இரண்டும் கிதாரோடு வரும் 'இண்டி ஃபோக்' வகைதான். ஆனால் அது சாத்திய கதவு, இது திறந்த வாசல். "இதையே கேளேன் கண்ணா" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவசரப்பட்டது என் தப்பு. கஞ்சி குடிக்கிற பிள்ளைக்கு விருந்து இறங்குமா?

நடுவில் எங்களுக்குக் கிடைத்தது 'ஃபர்ஸ்ட் எய்ட் கிட்'. முதலுதவிப் பெட்டி என்றே பெயர்! யோஹன்னா, கிளாரா என்ற ஸ்வீடன் நாட்டு அக்கா தங்கை. 2008-ல் ஃப்ளீட் ஃபாக்ஸஸ் பாட்டு ஒன்றைக் காட்டில் நின்று பாடிப் படமெடுத்து வெளியிட்டுப் பெயர் பெற்றவர்கள். 2012-ல் வந்த அவர்களுடைய 'தி லயன்ஸ் ரோர்' ஆல்பத்தில் ஒருத்தி பாட, இன்னொருத்தி கூடவே வருகிறாள். தினமும் சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே அம்மாவும் பிள்ளையுமாகக் கேட்டோம். மெல்ல மெல்லப் பேச்சு வந்தது, பசியும் வந்தது. இந்த வருஷம் வேறு படிப்பில் சேர்ந்திருக்கிறான்.

வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் கிடந்தால் கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும். அதற்கு முன்னால், "சத்தத்தைக் குறை" என்று அதட்டாமல், "என்ன கேட்கறே?" என்று ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்துதான் பாருங்களேன்!