ஒரே நாடு பறந்த பந்தயம்!

சடுகுடு ஆட்டம். ஒரு கட்சிதான் வந்திருக்கிறது. எதிர்க் கட்சி வரவில்லை. வந்த கட்சிக்காரர் ஒருவர் பாடிக்கொண்டே கோட்டைத் தாண்டுகிறார். வெறும் மண்ணைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறார். "ஜெயித்துவிட்டோம்" என்று கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

பார்க்க வந்தவர்கள் கைதட்டுவார்களா?

இங்கிலாந்தில் தட்டினார்கள்! 1931-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி, தென் கடற்கரையில் லட்சக்கணக்கான பேர் கூடி நின்றார்கள். பூத்மன் என்ற விமானி மட்டும் கடலுக்கு மேல் ஏழு சுற்றுச் சுற்றினார். மொத்தம் 350 கிலோ மீட்டர். சராசரி வேகம் மணிக்கு 340 மைல். எதிர்த்துப் பறக்க வேறு நாட்டு விமானம் ஒன்றுகூட வரவில்லை. கோப்பை என்றென்றைக்கும் பிரிட்டனுக்கே சொந்தமாகிவிட்டது.

அதுதான் உலகப் புகழ் பெற்ற "ஷ்னைடர் கோப்பை" பந்தயம். கடல் விமானங்களுக்காகவே நடந்த பந்தயம்.

கடல் விமானத்துக்குச் சக்கரம் கிடையாது. அதன் இடத்தில் படகு போன்ற இரண்டு மிதவைகள் இருக்கும். தண்ணீரில் ஓடி எழும்பும், தண்ணீரிலேயே இறங்கும். அந்தக் காலத்தில் இப்போது போல நீண்ட ஓடுபாதைகள் கிடையாது, சிறிய புல்வெளிகள்தான். கடலிலோ எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடி எழும்பலாம். ஆகவே சின்ன இறக்கையும் பெரிய என்ஜினும் வைத்துக் கட்டினார்கள். உலகிலேயே வேகமான விமானம், மிதவை கட்டிய விமானமாக இருந்தது!

கோப்பையைக் கொடுத்தவர் ஜாக் ஷ்னைடர் என்ற பிரெஞ்சுக்காரர். பெரிய ஆயுதத் தொழிற்சாலைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். உலகின் பெரும்பகுதி தண்ணீர்தானே, விமானம் தண்ணீரில் இறங்கினால் என்ன என்பது அவர் யோசனை. முதல் பந்தயம் 1913-ல் மொனாக்கோவில் நடந்தது. ஜெயித்த பிரவோ என்ற பிரெஞ்சு விமானி, எல்லைக் கோட்டுக்கு முன்பே தண்ணீரில் இறங்கி, படகு போல ஓட்டிக் கோட்டைக் கடந்தார். "செல்லாது, மறுபடி பற" என்று சொல்லிவிட்டார்கள். மறுபடியும் கிளம்பிப் பறந்துதான் கோப்பையை வாங்கினார்!

ஐந்து ஆண்டுகளுக்குள் மூன்று முறை வெல்லும் நாட்டுக்குக் கோப்பை நிரந்தரம். இது விதி.

அமெரிக்காவின் பெருந்தன்மை

1923-ல் அமெரிக்கா வென்றது. 1925-லும் வென்றது. நடுவில் 1924-ல் என்ன நடந்தது தெரியுமா?

அந்த ஆண்டு பந்தயம் அமெரிக்காவில். பிரிட்டனாலும் இத்தாலியாலும் வர முடியவில்லை. அமெரிக்க விமானம் ஒன்று தனியே சுற்றி வந்திருந்தால் போதும். 1923, 24, 25 என்று கணக்கு முடிந்து, கோப்பை அவர்கள் வீட்டிலேயே தங்கியிருக்கும். அவர்கள் அதைச் செய்யவில்லை. பந்தயத்தையே அந்த ஆண்டு நிறுத்திவிட்டார்கள். 1926-ல் இத்தாலி வந்து கோப்பையைத் தட்டிக்கொண்டு போனது. ஏமாளிகள் என்று சிலர் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன்.

1927-லும் 1929-லும் பிரிட்டன் வென்றது. இன்னும் ஒரு வெற்றிதான் பாக்கி. ஆனால் 1931-ல் உலகமெங்கும் பணமுடை. பிரிட்டிஷ் சர்க்கார் பணம் தர மறுத்தது. லேடி ஹூஸ்டன் என்ற பணக்காரச் சீமாட்டி 1 லட்சம் பவுன் தூக்கிக் கொடுத்தார். அவசர அவசரமாக வேலை நடந்தது.

மற்ற நாடுகளிலும் இதே அவசரம்தான். அவசரம் சும்மா விடுமா? ஆகஸ்டு மாதம் இத்தாலிய விமானி மோன்டி பயிற்சியின்போது விழுந்து மாண்டார். அதே மாதம் பிரிட்டிஷ் விமானி பிரின்டனும் பலியானார். பந்தயத்துக்குச் சில நாள் முன்பு இன்னொரு இத்தாலியர், பெல்லினி. பந்தயத்தைத் தள்ளிவையுங்கள் என்று இத்தாலியும் பிரான்சும் கேட்டன. பிரிட்டன் மறுத்துவிட்டது. சட்டப்படி அது குற்றம் இல்லைதான். 1920-ல் இத்தாலிகூட எதிரி இல்லாமல் ஜெயித்தது உண்டு. ஆனால் அது ஓர் ஆண்டு வெற்றி. இது கோப்பையையே பூட்டி வைத்த வெற்றி.

நான் நடத்தும் பந்தயம்

நடந்த சரித்திரத்தை ஓர் இடத்தில் மட்டும் மாற்றிப் பார்ப்பது சிலருக்குப் பொழுதுபோக்கு. எனக்கும் அந்த ஆசை உண்டு. நான் மாற்றும் இடம் இதுதான்: 1931-ல் பிரிட்டன், "சரி, காத்திருக்கிறோம்" என்று சொல்லிவிட்டது!

அடுத்த பந்தயம் 1933-ல். என் பந்தயத்தில் முதல் விதி: இரண்டு நாட்டு விமானங்களாவது தண்ணீரை விட்டு எழும்பாவிட்டால் கோப்பை பெட்டியை விட்டு வெளியே வராது. "இரண்டு ஆண்டு காத்திருந்தால் எங்கள் 1927 வெற்றிக்குக் காலம் தாண்டிவிடுமே?" என்று பிரிட்டன் கேட்கும். நியாயமான கேள்வி. காத்திருந்த ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று எழுதிவிடுவேன். பெருந்தன்மை காட்டியவன் நஷ்டப்படக்கூடாது அல்லவா?

பழைய விதி ஒன்றை மட்டும் விடமாட்டேன். விமானம் ஆறு மணி நேரம் கடலில் மிதந்து காட்டவேண்டும். தண்ணீர் உள்ளே புகக்கூடாது. கடல் விமானம் என்ற பெயருக்கு அதுதானே அழகு!

யார் ஜெயிப்பார்கள்? இத்தாலியின் மாக்கி எம்.சி.72 விமானத்தில் இரண்டு என்ஜின்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். மூக்கில் இரண்டு விசிறிகள். ஒன்று வலப்புறம் சுற்றும், மற்றது இடப்புறம். 1931-ல் இதன் என்ஜின், வேகமாகப் பறக்கும்போது வெடித்துத் தொல்லை கொடுத்தது. அதைச் சரி செய்ய உதவியவர் யார்? பாங்க்ஸ் என்ற ஆங்கிலேயர்! எரிபொருள் நிபுணர். பிரிட்டனின் பந்தய என்ஜினுக்கும் எரிபொருள் கலந்து கொடுத்தவர் அவரே. சர்க்கார்கள் சண்டை போட்டாலும் தொழில் தெரிந்தவர்கள் கை கொடுத்துக்கொள்கிறார்கள்.

1934 அக்டோபரில் அஜெல்லோ என்ற விமானி அதை மணிக்கு 440 மைல் வேகத்தில் ஓட்டினார். விசிறி வைத்த கடல் விமானங்களில் அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் மிஞ்சவில்லை. பூத்மன் ஓட்டிய ரகத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் விமானம் 1931 செப்டம்பர் கடைசியில் 407 மைல் தொட்டது. ஆனால் நேராகப் பறப்பது வேறு, வளைந்து திரும்புவது வேறு. இரண்டு ஆண்டு கிடைத்தால் பிரிட்டனும் சும்மா இருந்திருக்காது. என் கணக்கில் இத்தாலி மயிரிழையில் முந்தும். பந்தயம் கட்டச் சொன்னால் மாட்டேன்!

"அந்த விமானத்தைக் கட்டிய மிட்செல்தானே பிறகு ஸ்பிட்பயர் சண்டை விமானத்தைக் கட்டினார்? 1940-ல் அதுதானே பிரிட்டனைக் காப்பாற்றிய விமானங்களில் ஒன்று? 1931 வெற்றி வீணா?" என்று கேட்பவர்கள் உண்டு. வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மிட்செலுக்கு அனுபவம் தந்தது விமானத்தைக் கட்டிய வேலை. பூத்மன் தனியாகச் சுற்றிய ஏழு சுற்று அல்ல. எதிரே அஜெல்லோ பறந்திருந்தால் அந்த அனுபவம் இன்னும் கூடியிருக்குமே தவிர குறைந்திருக்காது.

கோப்பையும் பிரிட்டிஷ் விமானமும் லண்டன் விஞ்ஞானக் காட்சி சாலையில் இருக்கின்றன. அஜெல்லோவின் சிவப்பு விமானம் இத்தாலியில், பிராச்சானோ ஏரிக்கரைக் காட்சி சாலையில் இருக்கிறது. இரண்டும் ஒரே தண்ணீரில் ஒருநாள்கூட மிதந்ததில்லை.