ஆலோவீன் ஆட்டமும் அடிபட்ட மொழியும்

ஒரு மொழியை ஓர் இனத்தின் வாயினின்று பிடுங்கியெறிய விரும்புவோர், முதற்கண் அவ்வினத்தின் பள்ளிக்கூடத்தைக் கைப்பற்றுவர். பின்னர்ப் பள்ளிக்கூடத்தின் வழியாக விளையாட்டுத் திடலைக் கைப்பற்றுவர். வகுப்பறையில் அயன்மொழி பேசும் குழந்தை, மணியடித்ததும் திடலுக்கு ஓடிவந்து தன் தாய்மொழியிற் கூவிக் களிக்குமாயின், அம்மொழிக்கு இன்னும் உயிருண்டு எனத் தெளியலாம். திடலிலும் அயன்மொழியே ஒலிக்கத் தொடங்கிய நாளில், அவ்வினத்தின் மொழி ஏட்டில் இருப்பினும் நாட்டில் இல்லையென்றே கொள்ளல் வேண்டும். இவ்வுண்மையை உளங்கொண்டு, ஆங்கிலம் கற்கும் சிறார்க்கென உலகெங்கும் பரப்பப்பெற்று வரும் 'ஆலோவீன்' விளையாட்டுகளை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஆலோவீன் என்பது ஆண்டுதோறும் அக்டோபர் 31-ஆம் நாளிரவு மேலைநாடுகளிற் கொண்டாடப்பெறும் பேய்க்கோல விழா. ஆங்கிலத்தை அயன்மொழியாகக் கற்பிக்கும் ஆசிரியர்க்கென ஆக்கப்பெறும் கையேடுகளிலும் பயிற்சித் தாள்களிலும் அதற்கெனத் தனியிடம் உண்டு. பேய், வௌவால், எலும்புக்கூடு, சிலந்தி, மாயக்கிழவி, பரங்கிக்காய் ஆகியவற்றின் படங்களைக் கட்டங்களில் வைத்து, ஆசிரியர் ஆங்கிலப் பெயர் சொல்லச் சொல்லக் கட்டங்களை மறைத்து வரும் ஆட்டம் ஒன்று. எழுத்துக் குவியலுள் ஒளிந்துகிடக்கும் சொற்களைத் தேடி வட்டமிடும் ஆட்டம் ஒன்று. ஒரு சிறுவனை மெல்லிய தாட்சுருளால் தலைமுதல் கால்வரை சுற்றி எகித்து நாட்டுப் பதம்செய்த பிணம்போல் நிறுத்தி, சுற்றச் சுற்ற உடலுறுப்புகளின் ஆங்கிலப் பெயர்களைக் கூவும் ஆட்டம் ஒன்று. முகமூடி செய்தணிந்து, கதவுதோறும் தட்டி, 'இனிப்புத் தருகின்றீரா, குறும்பு செய்யட்டுமா' என்னும் பொருள்பட ஆங்கிலத்திற் கேட்டு இனிப்புப் பெறும் ஆட்டம் மற்றொன்று.

இவ்வாட்டங்களின் கற்பிப்பு முறையை நாம் குறைகூறோம். கண்ணாற் கண்டு, கையாற் செய்து, வாயாற் கூவி, உடன் பயில்வாரோடு சிரித்துக் கற்ற சொல்லைக் குழந்தை எளிதில் மறப்பதில்லை. அடித்தும் உருட்டியும் கற்பிப்பதனினும் ஆடிக் கற்பிப்பது ஆயிரம் மடங்கு மேலானது. அதன் ஆற்றலை நாம் நன்கறிந்திருத்தலாலேயே, அவ்வாற்றல்மிக்க வாயிலின் வழியே நம் பிள்ளைகளின் நெஞ்சினுட் புகுவது யாதென்று கேட்கின்றோம். உருப்போட்ட சொல் நாவில் நிற்கும். ஆடிப்பெற்ற சொல் நெஞ்சில் நிற்கும். நாவில் ஆங்கிலம் இருப்பதால் நமக்கு இழப்பொன்றுமில்லை. நெஞ்சில் அது குடியேறித் தமிழை வெளியேற்றுமாயின் அவ்விழப்பை எப்பொருள் கொடுத்தும் ஈடுசெய்ய இயலாது.

இனி, ஆங்கிலத்தைக் கற்பிக்கப் பயன்படுத்தும் இவ்விழா ஆங்கிலர்க்குரியதுதானா என்று பார்ப்போம். 'ஆலோவீன்' என்னும் பெயர், கிறித்தவர் நவம்பர் முதல்நாளிற் கொண்டாடும் தூயோர் அனைவர் திருநாளுக்கு முந்திய மாலை என்று பொருள்படுவது. பெயர் ஆங்கிலமேயாயினும், இவ்விழாவின் பழக்கங்களிற் பெரும்பகுதி அயர்லாந்திலும் இசுக்காட்லாந்திலும் வாழ்ந்த கெல்த்திய மக்களிடையே வளர்ந்தவை. அவர்தம் பழங்கணக்கில் வேனிற்பாதி முடிந்து குளிர்பாதி தொடங்கும் நாள் அது. அந்நாளுக்கு ஐரிசு மொழியிற் 'சவ்வின்' என்று பெயர். நவம்பர்த் திங்களுக்கும் அம்மொழியில் இன்றுவரை அதுவே பெயர். மேய்ச்சல் நிலத்தினின்று ஆநிரைகள் வீடு திரும்பும் காலம் அது. குன்றுகளில் தீ வளர்க்கும் காலம். இறந்தோரை நினைக்கும் காலம்.

அந்நாளிரவில் ஐரிசுச் சிற்றூர்களின் அடுப்பங்கரைகளில் எத்தனை ஆட்டங்கள்! நீர்த்தொட்டியில் மிதக்கும் ஆப்பிளைக் கைபடாமற் பல்லாற் கவ்வ வேண்டும். கயிற்றில் தொங்கியாடும் ஆப்பிளை எட்டிக் கடிக்க வேண்டும். உலர்பழங்கள் இட்டுச் சுட்ட அப்பத்துள் மோதிரம், காசு, கந்தைத்துணி முதலியன மறைத்து வைக்கப்பெறும். மோதிரம் வந்தார்க்குத் திருமணம். காசு வந்தார்க்குச் செல்வம். கந்தை வந்தார்க்கு வறுமை. முள்ளங்கியை ஒத்த பெருங்கிழங்கைக் குடைந்து முகம் வெட்டி உள்ளே விளக்கேற்றி வைப்பர். கார்க்கு நகரிற் பிறந்த ஓவியர் தானியல் மக்கிளீசு, 1833-இல் இவ்விழாவிரவை அப்படியே தம் ஓவியமொன்றில் தீட்டியுள்ளார். தொங்கும் ஆப்பிளுக்குத் தாவும் சிறாரையும், இசைப்பாரையும், ஆடுவாரையும் அதில் இன்றும் காணலாம். அவ்வடுப்பங்கரைகள் பலவற்றில் அன்று எழுந்த சிரிப்பும் கூச்சலும் ஐரிசு மொழியினவே.

மக்கிளீசு அவ்வோவியத்தைத் தீட்டுதற்கு ஈராண்டுகட்கு முன்னர், 1831-இல், ஆங்கில ஆட்சியினர் அயர்லாந்தில் நாட்டுப் பள்ளிகளைத் தொடங்கினர். ஐரிசு மொழியே பேசிய குழந்தைகட்கும் அங்கு ஆங்கிலமே பயிற்றுமொழி. ஆங்கிலம் பரவிய அக்காலத்தில், ஊர்கள் பலவற்றிற் குழந்தையின் கழுத்தில் ஒரு சிறுகோலைக் கயிற்றிற் கட்டித் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. அக்குழந்தை ஐரிசு மொழியில் ஒரு சொல் பேசுந்தோறும் கோலில் ஒரு வெட்டு விழும். மாலையில் வெட்டுகளை எண்ணி, எண்ணிக்கைக்கேற்பக் குழந்தைக்கு அடி விழும். தாய்மொழியில் பேசியதற்குக் கணக்கு வைத்து அடித்த கொடுமை இது! வேல்சு நாட்டிலும் தம் மொழி பேசிய சிறாரின் கழுத்தில் மரப்பலகை தொங்கியது.

இதனினும் நெஞ்சைப் பிளப்பது ஒன்றுண்டு. அக்கோலில் வெட்டுப் போடப் பெற்றோரும் உடன்பட்டிருந்தனர். வீட்டிற் பிள்ளை தாய்மொழி பேசினால் தாமே வெட்டுப் போட்டுப் பள்ளிக்கு அனுப்பினர். அவர்கள் கொடியரல்லர், தம் மக்கள் பிழைக்க வேண்டுமென்று விரும்பிய ஏழை உழவர். ஆங்கிலம் சோறு தரும், கப்பலேற்றும், வாழவைக்கும் என்று நம்பினர். 1845-இல் உருளைக்கிழங்கு நோய் தாக்கிப் பெரும்பஞ்சம் பரவியது. ஏறத்தாழப் பத்து இலக்கம் மக்கள் மடிந்தனர். பத்து இலக்கத்தினர்க்கு மேல் நாட்டைவிட்டுப் புலம்பெயர்ந்தனர். மடிந்தாரும் பெயர்ந்தாரும் பெரும்பாலும் ஐரிசு மொழி வழங்கிய மேற்குப் பகுதி ஏழைகளே. 1851-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்மொழி பேசுவார் ஏறத்தாழப் பதினைந்து இலக்கத்தினராய், மக்கள்தொகையில் நாலில் ஒரு பங்கிற்கும் குறைந்துவிட்டனர்.

அமெரிக்கா சென்றவர்கள் தம் விழாவையும் உடன்கொண்டு சென்றனர். கிழங்கிற்கு மாற்றாக ஆங்கு மலிந்து கிடந்த பரங்கிக்காயைக் குடைந்தனர். விழா பிழைத்தது, அவ்விழாவைப் பெற்ற மொழி பிழைக்கவில்லை. பேரன் தலைமுறையினர்க்கு ஆட்டம் தெரியும். ஆட்டத்தின் பெயர் தெரியாது. பின்னர் வாணிகர் அவ்விழாவைக் கைக்கொண்டனர். முகமூடியும் இனிப்பும் பொம்மையும் விற்கும் பெருவாணிகமாக அது வளர்ந்தது. இன்று அதே விழா ஆங்கிலப் பாடமாக உருமாறி உலகக் குழந்தைகளின் வகுப்பறைகட்குள் நுழைகின்றது. எந்த மொழியைப் பேசியதற்காகக் குழந்தைகள் அடிபட்டனரோ, அந்த மொழியினரின் விழா, அடித்த மொழியைக் கற்பிக்கும் கருவியாகிவிட்டது! மொழியை இழந்த இனம் தன் விழாவையும் தன் பெயரில் வைத்துக்கொள்ள இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அயர்லாந்தில் இக்கேட்டை உணர்ந்தோர் இல்லாமலில்லை. தக்கிளசு ஐடு என்பார் 1892-இல், அயர்லாந்து ஆங்கிலமயமாவதைக் களைய வேண்டியதன் இன்றியமையாமையைப் பற்றிப் பேருரையாற்றினார். அடுத்த ஆண்டே ஐரிசு மொழிக்கெனக் கழகமொன்று தோன்றியது. அவரே 1938-இல் அந்நாட்டின் முதற் குடியரசுத் தலைவருமானார். பாட்ரிக்கு பியர்சு 1908-இல் இருமொழிப் பள்ளியொன்றை நிறுவிச் சிறாரைத் தம் மொழியிலும் தம் பழங்கதைகளிலும் வளர்த்தார். அயர்லாந்தில் ஆங்கிலர் நடத்திய கல்வி முறைக்கு அவர் இட்ட பெயர் 'கொலைப்பொறி' என்பது. 1916-இல் விடுதலைப் போரில் தலைமை தாங்கி ஆங்கிலரின் சுடுகுண்டிற்கு இரையானார்.

அவர்கள் விதைத்தது வீண்போகவில்லை. இன்று அந்நாட்டில் ஐரிசு வழிப் பள்ளிகள் நடைபெறுகின்றன. ஐரிசு மொழிக்கெனத் தனித் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பெற்ற நாள் எதுவென்று தெரியுமா? 1996-ஆம் ஆண்டு அக்டோபர் 31! ஆம், சவ்வின் இரவேதான். பிடுங்கப்பட்ட விழாநாளிலேயே தம் மொழிக்கு விளக்கேற்றினர் அம்மக்கள். ஆயினும், இழந்ததை மீட்பது எத்துணை அரிது என்பதையும் அங்கேயே காண்கின்றோம். 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐரிசு மொழி தெரியும் என்றவர் ஏறத்தாழப் பத்தொன்பது இலக்கத்தினர். கல்விக்கூடத்திற்கு வெளியே அதனை நாள்தோறும் பேசுவோரோ எழுபத்தீராயிரம் பேரே. பள்ளியில் மொழி இருக்கின்றது, திடலில் இல்லை. அரசின் துணையிருந்தும், சட்டத்தின் துணையிருந்தும், நூறாண்டு உழைப்பிருந்தும் குழந்தையின் விளையாட்டினின்று வெளியேறிய மொழியை மீண்டும் விளையாட்டினுட் புகுத்துவது மலையைப் புரட்டுவது போன்றதாகிவிட்டது.

தமிழ்ப் பெற்றோரே! இவ்வயர்லாந்து வரலாற்றில் உங்கள் வீட்டின் நிழல் தெரியவில்லையா? தமிழ் பேசினால் தண்டம் வாங்கும் ஆங்கில வழிப் பள்ளிகள் நம் மண்ணிலும் உண்டு. அக்கோலில் வெட்டுப் போட்ட பெற்றோரைப் போலவே, வீட்டிலும் ஆங்கிலமே பேசுமாறு பிள்ளைகளை வற்புறுத்தும் பெற்றோரும் உண்டு. இப்போது அப்பள்ளிகளுட் சில, அக்டோபர்த் திங்கள் முடிவில் குழந்தைகட்குக் கருந்துணி போர்த்திப் பேய்க்கோலம் புனைவித்து மகிழ்கின்றன. கழுத்தில் கோல் கட்டி அடித்துக் கற்பித்த காலம் போய், கையில் இனிப்புக் கொடுத்துக் கற்பிக்கும் காலம் வந்துள்ளது. கோலைக் கண்டு குழந்தை அஞ்சும். இனிப்பைக் கண்டு தானே ஓடிவரும். இவ்விரண்டனுள் வலிமை மிக்கது எது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதிலோர் நகைப்பும் உண்டு. நம் பாட்டி சொன்ன புளியமரத்துப் பேய்க்கதை மடமையாம். அதைக் குழந்தையின் செவியிற் போடுதல் ஆகாதாம். அதே பேய் வெண்துணி போர்த்து ஆங்கிலப் பெயர் சூடி வந்தாலோ, அது கல்வியாம், நாகரிகமாம்! பேயச்சத்தையும் பில்லி சூனிய நம்பிக்கையையும் இம்மண்ணினின்று ஒழிக்கப் பகுத்தறிவாளர் பட்ட பாடு கொஞ்சமோ? தமிழில் இருந்தால் மடமை, ஆங்கிலத்தில் இருந்தால் பண்பாடு என்னும் அளவுகோல் அடிமை நெஞ்சினுள்ளன்றி வேறெங்கும் இராது.

அயர்லாந்து மக்களின் விழாவை நாம் இகழவில்லை. அது அவர்க்குரியது, அவர் மொழியில் அவர் மண்ணில் அது செழிக்கட்டும் என்றே வாழ்த்துகின்றோம். நம் குழந்தைகட்கோ நம் மண்ணின் குளிர்கால ஒளிவிழாவாகிய கார்த்திகை விளக்கீடு உண்டு. அகநானூற்றின் 141-ஆம் பாட்டிலேயே பேசப்பெறும் தொன்மையுடைய விழா அது. ஆண்பனையின் பூவைச் சுட்டுக் கரியாக்கி, நுணுக்கித் துணியிற் பொதிந்து, பனைமட்டைப் பிளவுகளின் நடுவே செறித்துக் கயிற்றிற் கட்டித் தீக்கங்கு வைத்துச் சுழற்றினால், பூப்பூவாய்ப் பொறி சிதறும். அதுவே மாவளி. பனை, பாளை, மட்டை, கரி, கங்கு, பொறி, சுழற்சி என ஓர் ஆட்டத்துள் எத்தனை தமிழ்ச்சொற்கள்! இவற்றைப் படத்தாளில் அச்சிட்டுக் கற்பிக்க வேண்டியதில்லை. சுழற்றும் கையே கற்பிக்கும். நம் நகரத்துப் பிள்ளைகளுள் எத்தனை பேர்க்கு மாவளி என்னும் சொல்லேனும் தெரியும்?

ஆகலின், நாம் வேண்டுவன இவை. ஆங்கிலத்தை ஒரு மொழியாக, அதற்குரிய வேளையில், தக்க ஆசிரியரிடம் நன்றாகக் கற்பியுங்கள். ஆனால், பாட்டும் கதையும் ஆட்டமும் நிறைந்த மழலைப் பருவத்தைத் தமிழுக்கே விடுங்கள். தமிழாசிரியர்கள் இலக்கணத்தை உருப்போடச் செய்வதை விடுத்து, ஆங்கில ஆசிரியர் கைக்கொள்ளும் அதே ஆட்டமுறையைத் தமிழுக்குக் கொண்டு வருக. கட்டமாட்டமும் சொல்தேடலும் நம் பறவைகளையும் மரங்களையும் விழாக்களையும் கொண்டு அமைக. பள்ளி நடத்துவோர் பேய்க்கோல நாளுக்குச் செலவிடும் பொருளிற் பாதியைப் பிள்ளைகட்கு மாவளி கட்டக் கற்பிப்பதிற் செலவிடுக. தமிழ் பேசியதற்குத் தண்டம் விதிக்கும் பள்ளியைப் பெற்றோர் ஒன்றுகூடித் தட்டிக் கேட்க.

ஐரிசுத் தாயொருத்தி தன் மகன் நன்றாக வாழட்டும் என்றெண்ணியே அக்கோலில் வெட்டுப் போட்டாள். அவள் பேரனுக்குப் பேரன், அவள் பேசிய மொழியை இன்று மாலைநேர வகுப்பிற் காசு கொடுத்துக் கற்கின்றான். அந்நிலை நம் கொள்ளுப்பேரர்க்கு வரலாகாது. தமிழ் இன்னும் நம் திடல்களில் ஒலிக்கின்றது. கண்ணாமூச்சியிலும் பல்லாங்குழியிலும் நொண்டியிலும் சடுகுடுவிலும் மூச்சு விடாமல் ஒலிக்கின்றது. அம்மூச்சு நிற்குமுன் விழிப்போம். ஆடும் பிள்ளையின் வாயில் தமிழ் இருக்கும்வரை தமிழினத்திற்கு அழிவில்லை!