உக்கிராண அறையின் சாவி

வீட்டு உக்கிராண அறையின் சாவியை எஜமானியம்மாளிடமிருந்து வாங்கி, அயலூர்க் கணக்குப்பிள்ளை ஒருவரிடம் கொடுத்துவிட்டால் அந்தக் குடித்தனம் என்ன கதியாகும் என்பதை நமது வாசகிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இமயமலைச் சாரலிலுள்ள குமாவுன் பிரதேசத்து ஜனங்களுக்கு ஒரு காலத்தில் நேர்ந்தது ஏறக்குறைய அதுவேதான்.

1911 முதல் 1917 வரையில் பிரிட்டிஷ் சர்க்கார் அங்குள்ள காடுகளை அளந்து, பெரும்பகுதியை 'ரிசர்வ்' காடு என்று விதித்துவிட்டார்கள். சர்க்காருக்கு வேண்டியிருந்தது பைன் மரம். அதன் பிசினிலிருந்து டர்ப்பன்டைன் வடிக்கலாம். கட்டையை ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடலாம். ஜனங்களுக்கு வேண்டியிருந்ததோ 'பாஞ்ச்' என்னும் ஓக் மரம். அதன் தழை மாட்டுக்குத் தீவனம். சருகு வயலுக்கு எரு. சுள்ளி அடுப்புக்கு விறகு. புதுப் புல் முளைப்பதற்காகக் காட்டுத் தரையில் தீயிடுவது அவர்களுடைய பரம்பரை வழக்கம். அதற்குத் தடை வந்தது. தழை ஒடிப்பதற்கும் மாடு மேய்ப்பதற்கும் கட்டுப்பாடுகள் வந்தன. போதாக்குறைக்கு, அதிகாரிகள் சுற்றுப்பிரயாணம் வந்தால் அவர்களுடைய மூட்டைகளைச் சுமப்பதும் கிராமவாசிகளின் தலையிலேயே விழுந்தது.

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டல்லவா? 1921-ஆம் ஆண்டு, நமது பொங்கல் நன்னாளாகிய மகர சங்கராந்தியை ஒட்டி, பாகேசுவரத்தில் ஜனங்கள் திரண்டார்கள். ஸ்ரீ பத்ரி தத் பாண்டே முதலிய தலைவர்களின் முன்னிலையில், கட்டாய வேலைப் பதிவேடுகளைச் சரயு நதியில் வீசியெறிந்தார்கள். அந்தக் கோடையில் பைன் காடுகள் பல்லாயிரம் ஏக்கர் பற்றி எரிந்தன. சர்க்கார் வசமிருந்த ஓக் முதலிய அகன்ற இலைக் காடுகளை மட்டும் அந்த நெருப்புத் தீண்டவில்லை என்று சரித்திர ஆசிரியர் ராமச்சந்திர குஹா எடுத்துக் காட்டியிருக்கிறார். காட்டின் மீது ஜனங்களுக்குப் பகை இல்லை. தங்களைக் கேளாமல் போட்ட திட்டத்தின் மீதுதான் பகை!

சர்க்கார் ஒரு விசாரணைக் கமிட்டியை நியமித்தார்கள். கட்டுப்பாடுகள் பல தளர்ந்தன. 1931-இல் 'வனப் பஞ்சாயத்து' விதிகள் பிறந்தன. ஊரார் தேர்ந்தெடுக்கும் பஞ்சாயத்தே காவலாளியை அமர்த்தலாம். எந்தப் பருவத்தில் எவ்வளவு தழை அறுக்கலாம் என்று நிர்ணயிக்கலாம். மீறுவோருக்கு அபராதம் போடலாம். இன்று உத்தராகண்ட மாநிலத்தில் இத்தகைய பஞ்சாயத்துக்கள் பதினோராயிரத்துக்கும் மேல் இருக்கின்றன.

இத்துடன் மங்களம் பாடிவிடலாமா? முடியாது. 1976-லும் 2001-லும் விதிகளைத் திருத்தியபோது வன இலாகாவின் கை மறுபடியும் ஓங்கிற்று. மற்றொரு விஷயமும் உண்டு. மலையேறித் தழை அறுப்பவர்களும் விறகு சுமப்பவர்களும் பெண்கள். நெடுங்காலம் பஞ்சாயத்தில் உட்கார்ந்து விதி செய்தவர்களோ பெரும்பாலும் ஆண்கள். கணக்குப்பிள்ளையிடமிருந்து சாவியை மீட்டோம். மீட்டதை எஜமானரின் இடுப்பில் செருகிவிட்டோம்!

காட்டுக்குத் திட்டம் வேண்டும், சட்டமும் வேண்டும். ஆனால், எந்தக் கிளையை ஒடித்தால் மரம் மறுபடி துளிர்க்கும் என்று அறிந்த கை, அந்தத் திட்டத்தை எழுதும் கைகளில் ஒன்றாக இருக்கட்டும்.