ஏரிமேல் எழுந்த நகரம்



பாறைமேல் வீடு கட்டியவனைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமையை நாம் பெரும்பாலும் புனித மத்தேயு எழுதியவாறே நினைவில் கொள்கிறோம். புனித லூக்காவோ ஒரு சிறு விவரத்தைக் கூடுதலாகத் தருகிறார்: அம்மனிதன் ஆழத் தோண்டிய பின்னரே அடித்தளம் இட்டான். மேலிருந்து நோக்குவோருக்குப் பாறையும் மணலும் தம் இயல்பைக் காட்டுவதில்லை அல்லவா?

மெக்சிக்கோ நகரின் கதை அத்தகையது. அஸ்டெக் மக்கள் டெஸ்கோக்கோ ஏரியின் நடுவே ஒரு தீவில் தம் தலைநகரை அமைத்தனர். 1521-இல் அதைக் கைப்பற்றிய ஸ்பானியரும் அவருக்குப் பின் வந்தோரும் ஏரியைப் படிப்படியாக வற்றச் செய்தனர். நீர் மறைந்தது, நீரில் ஊறிய களிமண் தங்கிவிட்டது. அதன்மேல் நகரம் பரவியது.

1985 செப்டம்பர் 19 காலை 7.17 மணிக்குப் பசிபிக் கடலோரத்தில் 8 என்னும் அளவில் நிலம் நடுங்கியது. நகரம் அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அத்தனை தொலைவில் அதிர்வு தளர்ந்திருக்க வேண்டும். நகரின் தென்பகுதியில், எரிமலைப் பாறைமேல் நிற்கும் பல்கலைக்கழக வளாகத்தில் அவ்வாறே தளர்ந்திருந்தது. பழைய ஏரிப்படுகையிலோ அதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு வலுவுடன் நிலம் ஆடிற்று. கலயத்தில் உறைந்த தயிரை அசைத்துப் பாருங்கள். கலயத்தைவிடத் தயிரே அதிகம் குலுங்கும்.

அக்களிமண் ஏறத்தாழ இரண்டு நொடிக்கொரு முறை ஆடியது. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் சிறுபிள்ளையின் கையும் அதை உயரே ஏற்றிவிடும். ஆறு முதல் பதினைந்து மாடிவரை உள்ள கட்டடங்கள் பலவற்றின் ஆட்டம் மண்ணின் ஆட்டத்தோடு இசைந்துபோயிற்று. அவையே மிகுதியாக வீழ்ந்தன. தாழ்ந்த வீடுகள் பலவும், 44 மாடி லத்தீன் அமெரிக்கக் கோபுரமும் நின்றன. 2017-இல் அதே செப்டம்பர் 19 அன்று இன்னும் அருகில் தோன்றிய நடுக்கத்தின் அதிர்வு விரைவானது. அம்முறை உயரம் குறைந்த கட்டடங்களே பெரிதும் சிதைந்தன. ஆகவே, இத்தனை மாடி என்றால் அச்சமில்லை என எவரும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. மண்ணையும் கட்டடத்தையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

ஆயினும் பழி முழுவதையும் மண்மேல் சுமத்துவது நியாயமன்று. 1957-ஆம் ஆண்டு நடுக்கத்திற்குப் பின்னரே ஏரிப்படுகையின் ஆபத்தை அந்நகரப் பொறியாளர் நன்கறிந்திருந்தனர். இருந்தும் 1985-இல் சான் அந்தோனியோ அபாத் சாலையில், கனத்த இயந்திரங்களும் துணிச்சுருள்களும் ஏற்றப்பட்ட மாடிகளில் அதிகாலையிலேயே வேலைக்கு வந்திருந்த தையற்பெண்கள் பலர் நசுங்கி மாண்டனர். உரிமையாளர் சிலர் ஆட்களுக்கு முன் இயந்திரங்களையே மீட்க முனைந்தனர் என்று உயிர்தப்பியோர் குற்றஞ்சாட்டினர். சில வாரங்களுக்குள் அப்பெண்கள் தங்களுக்கென ஒரு தொழிற்சங்கம் அமைத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘செப்டம்பர் 19’.