ஐந்து வாரம் பொறுக்குமா பசி?
பிரிட்டனில் 2003 முதல் நடைமுறையில் இருந்த 'டேக்ஸ் கிரெடிட்' உதவித்தொகை 2025 ஏப்ரல் 5-ஆம் தேதியுடன் முடிவுக்கு வந்துவிட்ட நிலையில், அதன் இடத்தைப் பிடித்துள்ள 'யுனிவர்சல் கிரெடிட்' திட்டம் முதல் தொகைக்கு ஏறத்தாழ ஐந்து வாரம் காக்கவைப்பது ஏற்கத்தக்கதல்ல. பழைய முறையிலும் குறைகள் இருந்தன: ஜூலை 31-க்குள் புதுப்பிக்கத் தவறினால் பணம் நின்றுபோனது, கூடுதலாக வழங்கப்பட்ட தொகையை அரசு பின்னர் பிடித்தம் செய்தது. ஆயினும், புதுப்பிக்கும் மாதங்களில் தற்காலிகத் தொகையாவது வந்துகொண்டிருந்தது. பல உதவிகளை ஒன்றாக்கிய புதிய முறை நிர்வாகத்துக்கு எளிதுதான். ஆனால், ஒரு மாத வருமானத்தைக் கணக்கிட்டு, மேலும் ஏழு நாள் கழித்துப் பணம் தரும் ஏற்பாடு, மாதச் சம்பளக்காரர்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. வாரக்கூலி பெறும் தாய்க்கு வீட்டு வாடகையும் குழந்தையின் பால்மாவும் ஐந்து வாரம் காத்திருக்காது. முன்பணம் உண்டே என்பது சமாதானமாகாது. அடுத்தடுத்த தவணைகளில் கழிக்கப்படும் கடன் அது. உதவி கேட்டு வருபவரை முதல் நாளிலேயே கடனாளியாக்குவது நலத்திட்டத்துக்கு அழகல்ல. அந்த முன்பணத்தைத் திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத மானியமாக பிரிட்டன் அரசு உடனே மாற்ற வேண்டும்.